பத்தரை மணி நேரம் என்பது வேகமா? பாக் நீரிணை நீச்சல் செய்திகளை வாசித்தல்

பாக் நீரிணையை யாராவது நீந்திக் கடந்தால் மறுநாள் நம் பத்திரிகைகளில் வரும் செய்திக்கு ஓர் அச்சு உண்டு. முதல் வரியில் பெயர், வயது, என்ன வகுப்பு படிக்கிறார். அடுத்து அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள். தலைமன்னாரில் எத்தனை மணிக்கு இறங்கினார், தனுஷ்கோடியில் எத்தனை மணிக்கு ஏறினார். மொத்தம் இத்தனை மணி நேரம், இத்தனை நிமிடம். இதற்கு முன் யார் எவ்வளவு நேரத்தில் கடந்தார், இவர் அதை எவ்வளவு முறியடித்தார். கடைசியில் கரையில் சால்வை, மாலை, அதிகாரிகளின் வாழ்த்து. படத்தில் தேசியக் கொடியோ கோப்பையோ.

இந்தச் செய்திகளைச் சில வருஷமாகச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். கடலுக்கும் எங்களுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. தளவாய்புரம் ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர். மேற்கே பார்த்தால் மலை தெரியும். கடல் பார்க்கணும்னா தூத்துக்குடியோ திருச்செந்தூரோ பஸ் ஏறணும். ஆனால் தமிழ்நாட்டின் பேர்போன இரண்டு கடல் நீச்சல்காரர்களும் கடற்கரை ஊர்க்காரர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். குற்றாலீஸ்வரன் ஈரோட்டில் பிறந்தவர். ஜெய் ஜஸ்வந்த் தேனிக்காரர். கடலே இல்லாத ஊர்களிலிருந்துதான் கடலைக் கடக்கப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். அதனால் இந்தச் செய்தி எப்படி எழுதப்படுகிறது என்பது எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கும் முக்கியமாகிப் போகிறது. பெற்றோர்கள் அதைப் படித்துத்தான் நீச்சல் என்றால் என்ன என்று முடிவு செய்கிறார்கள்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். இந்தச் செய்திகள் நேரத்தைச் சொல்கின்றன, வேகத்தைச் சொல்வதே இல்லை. இரண்டும் ஒன்று என்று நம்மை நினைக்க வைக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான தூரத்தைச் செய்திகள் பெரும்பாலும் 28, 29, 30 கிலோமீட்டர் என்று மாற்றி மாற்றிப் போடுகின்றன. நம் வசதிக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே தூரம்.

மிஹிர் சென் 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் கடந்தார். 25 மணி 36 நிமிடம். நூறு மீட்டருக்கு ஐந்து நிமிடம் ஏழு வினாடி என்று வருகிறது.

குற்றாலீஸ்வரன் 1994 ஏப்ரலில், பன்னிரண்டு வயதில். ஏறத்தாழ 16 மணி நேரம். நூறு மீட்டருக்கு மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி.

புலா சவுத்ரி 2004-ல். 13 மணி 52 நிமிடம். நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடி.

ஜெய் ஜஸ்வந்த் 2019 மார்ச்சில், பத்து வயதில். பத்தரை மணி நேரம். நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் ஆறு வினாடி.

ஜியா ராய் 2022 மார்ச் 20 அன்று, பதின்மூன்று வயதில். 13 மணி 10 நிமிடம். நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி.

இதை அப்படியே நம்பினால் என்ன முடிவுக்கு வருவோம்? கப்பல்படை உதவியோடு நீந்திய வளர்ந்த ஆளைவிட ஒரு பத்து வயதுப் பையன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகம். பையனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வயதில் அத்தனை மணி நேரம் கடலில் நீந்துவது சாதாரணக் காரியம் கிடையாது. மிஹிர் சென் பக்கம் மட்டும் கொஞ்சம் பாருங்கள்.

இதே மிஹிர் சென் 1958 செப்டம்பர் 27-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 14 மணி 45 நிமிடம். நேர்கோட்டில் பார்த்தால் அது 33 கிலோமீட்டர், நம் பாக் நீரிணையைவிடக் கூடுதல். அங்கே அவருடைய கணக்கு நூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. ஒரே மனிதர், நடுங்கவைக்கும் குளிர் நீரில் கூடுதல் தூரத்தை இவ்வளவு வேகமாகப் போனவர், எட்டு வருஷம் கழித்து வெதுவெதுப்பான நம் கடலில் ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில்தான் போயிருக்கிறார். அதுவும் எப்பேர்ப்பட்ட வருஷம்! பாக் நீரிணைக்குப் பிறகு அதே 1966-ல் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று வரிசையாக நீந்தி முடித்தார். உடம்பு தளர்ந்துபோன ஆள் செய்கிற வேலையா அது?

அப்படியென்றால் வித்தியாசம் ஆளிடத்தில் இல்லை, தண்ணீரிடத்தில் இருக்கிறது. 25 மணி 36 நிமிடம் என்ற எண் மிஹிர் சென்னைப் பற்றிச் சொல்வதைவிட, அந்த இரண்டு நாள் நீரோட்டத்தையும் காற்றையும் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

தண்ணீர் பார்க்கும் வேலை

நீரோட்டம் எவ்வளவு வேலை பார்க்கும் என்பதற்கு நல்ல உதாரணம் வங்காளத்தில் இருக்கிறது. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதி ஆற்றில் 81 கிலோமீட்டர் நீச்சல் போட்டி பல வருஷமாக நடக்கிறது. ஆற்றோட்டத்தின் திசையிலேயே நீந்துவார்கள். முன்னணியில் வருபவர்கள் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். பதின்மூன்று என்றே வைத்தாலும் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவரின் வேகம் மணிக்கு ஐந்தரைக்கும் கொஞ்சம் கம்மி. ஒலிம்பிக் தங்கத்தைவிட பாகீரதி நீச்சல்காரர் வேகமா? ஆறு அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். வங்காளிகள் யாரும் அந்த எண்ணை வைத்து ஒலிம்பிக் சாம்பியனை முறியடித்துவிட்டோம் என்று சொல்வதில்லை. ஆறு என்றால் ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. கடலில் தெரிவதில்லை, அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

மணிக்கு 3.6 கிலோமீட்டர் போகிற ஒரு நீச்சல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஒரு மீட்டர், நல்ல வேகம். அசையாத தண்ணீரில் 30 கிலோமீட்டருக்கு அவருக்கு எட்டு மணி இருபது நிமிடம் ஆகும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளினால் ஆறரை மணி நேரம். அதே நீரோட்டம் எதிரே வந்தால் பதினொன்றரை மணி நேரம். ஆள் அதே ஆள், கைவீச்சும் அதே கைவீச்சு, இடையில் ஐந்து மணி நேர வித்தியாசம். நம் செய்திகளில் "முந்தைய சாதனையை இத்தனை மணி நேர வித்தியாசத்தில் முறியடித்தார்" என்று வருகிறதே, அதில் எவ்வளவு பையனுடையது, எவ்வளவு கடலுடையது? செய்தியில் அதற்குப் பதில் இருக்காது, ஏனென்றால் நிருபர் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்.

நிதானம்

வேகத்தைப் பங்கிட்டுக்கொள்வதை ஆங்கிலத்தில் பேஸிங் என்கிறார்கள். மாரத்தான் ஓடுகிற நம் ஆட்கள் 'பேஸ்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது என்பது என் எண்ணம்: நிதானம். மெதுவாகப் போவது என்ற அர்த்தத்தில் மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சமையலில் உப்புப் போடும்போது "ஒரு கை நிதானமாப் போடு" என்பார்கள். அளக்காமலேயே அளவு தெரிவதுதான் அங்கே நிதானம். நீச்சலில் வேண்டியது அதுதான். கடிகாரம் பார்க்க முடியாத இடத்தில் தன் வேகம் என்ன என்று உடம்புக்கே தெரிந்திருப்பது.

எங்கள் ஊரில் நைட்டி தைப்பது பெரிய தொழில். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புதுசாக வந்தவர்கள் காலையில் மிஷினை அடித்து நொறுக்குவார்கள். மத்தியானத்துக்கு மேல் நூல் அறும், தையல் கோணும், பிரிக்கிறதிலேயே நேரம் போகும். பழைய ஆட்கள் காலையில் என்ன வேகமோ சாயங்காலமும் அதே வேகம். சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது யாருக்குக் கூடுதல் பணம் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீரில் இதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். பத்து சதவீதம் வேகம் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். பிற்பாதியில் பத்து சதவீதம் குறைத்து ஈடு கட்டிவிடலாமே என்றால், காகிதத்தில் மொத்த நஷ்டம் மூன்று சதவீதம்தான். உடம்பு அப்படிக் காகிதக் கணக்குப் போடாது. வேகமாகப் போகும்போது தசையில் இருக்கிற கிளைக்கோஜன் கையிருப்பு கிடுகிடுவென்று கரைந்துவிடும். தீர்ந்த பிறகு மெதுவாகப் போவதற்குக்கூடத் தெம்பு இருக்காது.

முன்னால் சொன்ன பெய்ஜிங் போட்டியே இதற்குப் பாடம். பிரிட்டனின் டேவிட் டேவிஸ் நீச்சல் குளத்தில் 1500 மீட்டரில் ஏதென்ஸ் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியவர், வேகக்காரர். போட்டியின் பெரும்பகுதியில் அவர்தான் முன்னால் போனார். நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டெர் வெய்டன், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர், பொறுத்திருந்து கடைசியில் முந்தினார். 1 மணி 51 நிமிடம் 51.6 வினாடி. வித்தியாசம் ஒன்றரை வினாடி. முன்னே போகிறவர் தண்ணீரைக் கிழித்துக்கொடுக்க, பின்னே வருகிறவருக்கு எதிர்ப்பு குறைகிறது. பெண்கள் போட்டியில் ரஷ்யாவின் லாரிசா இல்சென்கோவும் இதே மாதிரிதான், இரண்டு பிரிட்டிஷ் பெண்களுக்குப் பின்னால் போய்க் கடைசியில் வென்றார். அவருக்கும் ஒன்றரை வினாடிதான் வித்தியாசம்.

தனியாகக் கடலைக் கடப்பவருக்கு முந்த ஆள் கிடையாது. அவருக்குப் போட்டி நீரோட்டத்தோடு. அங்கே நிதானம் இன்னும் நுணுக்கமான வித்தை. நம் 3.6 கிலோமீட்டர் ஆளையே மறுபடி கூப்பிடுவோம். பாதித் தூரம் நீரோட்டம் சாதகம், பாதித் தூரம் எதிர். ஒரே வேகத்தில் போனால் ஒன்பது மணி இரண்டு நிமிடம். எதிர் நீரோட்டத்தில் ஐந்து சதவீதம் கூட்டி, சாதகமான இடத்தில் ஐந்து சதவீதம் குறைத்துப் போனால் கால் மணி நேரம் மிச்சம். கூடுதலாகச் செலவாகும் சக்தி ஒன்றரை சதவீதம். சாதகமாக இருக்கும்போது அடித்து நீந்தி, எதிரே வரும்போது சோர்ந்துபோவதுதான் மனித சுபாவம். அதற்கு நேர்மாறாகச் செய்யப் பழக வேண்டும். ஆங்கிலக் கால்வாயில் பிரான்ஸ் கரைக்கு அருகே கிரி நே முனையைச் சரியான ஓத நேரத்தில் பிடிக்காவிட்டால் கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே மணிக்கணக்கில் தள்ளாட வேண்டியதுதான். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்காக வேகத்தைச் சேமித்து வைத்திருப்பவர் கரையேறுவார்.

ஆகவே நெடுந்தூர நீச்சலுக்கு வேகப் பயிற்சி தேவையில்லை என்பது தப்பான எண்ணம். உச்ச வேகம் கூடினால் சாதாரண வேகம் உடம்புக்கு இலேசாகிவிடும்.

மண் எடுத்து வருகிற மரபு

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் எட்டவில்லை? கிணறுதான் காரணம் என்று தோன்றுகிறது. இதைப் பழியாகச் சொல்லவில்லை.

எங்கள் தலைமுறை நீச்சல் படித்தது தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் சுரைக்குடுக்கையோ மண்ணெண்ணெய் டின்னோ கட்டி இறக்கிவிடுவார்கள். பிறகு லாரி டியூப் வந்தது. பழகியதும் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பது, குட்டிக்கரணம், மல்லாக்க மிதப்பது, முங்கு நீச்சல். பெரிய போட்டி என்றால் அடிமட்டம்வரை முங்கி ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்து காட்டுவது. இது நேற்று முளைத்த விளையாட்டு இல்லை. புறநானூற்றின் 243-ஆம் பாடலில் ஒரு முதியவர் தன் இளமையை நினைத்து ஏங்குகிறாரே, அவர் நினைவில் நிற்பதும் கரைமரத்தில் ஏறி மடுவில் குதித்து அடியிலிருந்து மணல் எடுத்து வந்ததுதான். இரண்டாயிரம் வருஷமாக ஒரே ஆட்டம்!

இந்த மரபு ஆழத்தையும் தம்மையும் துணிச்சலையும் சொல்லிக்கொடுக்கிறது. தூரத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொடுக்க அதற்கு இடமில்லை. பத்துப் பன்னிரண்டு கைவீச்சில் எதிர்ச்சுவர் வந்துவிடும். கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நீளமாக நீந்தலாம், அதுவும் வருஷத்தில் சில மாதம். கிணற்றில் ஒருவனை மதிப்பது இரண்டு விஷயத்துக்காக: எவ்வளவு நேரம் முங்கியிருந்தான், எவ்வளவு நேரம் ஏறாமல் இருந்தான். இரண்டுமே நேரம். கடல் நீச்சல் செய்தியைப் படிக்கும்போதும் நாம் அந்தக் கிணற்று அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறோம். எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தான்?

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை வி.எஸ். குமார் ஆனந்தன் இந்த மனநிலையின் உச்சம். 1971-ல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் ஒரே மூச்சில் நீந்தினார், 51 மணி நேரம். நீச்சலோடு நிற்காமல் ஒற்றைக்காலில் நிற்பது, இடைவிடாமல் சைக்கிள் ஓட்டுவது என்று பல தாங்குதிறன் சாதனைகளைச் செய்தார். உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்ற ஒரே கேள்வியை வாழ்க்கை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாய் முயற்சியின்போது தண்ணீரிலேயே அவர் உயிர் போனது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை வளர்ந்த மனிதர் தன் உடம்பிடம் கேட்பது வேறு, பத்து வயதுப் பிள்ளையின் உடம்பிடம் நாம் கேட்பது வேறு.

"நூறு மீட்டரா முக்கியம்?"

போன கோடையில் தெரிந்தவர் ஒருவர் வந்திருந்தார். பையனுக்கு எட்டு வயது முடிந்திருக்கிறது. வாரத்தில் நாலு நாள் பைக்கில் கூட்டிப்போய் நீச்சல் குளத்தில் விடுகிறார். ஸ்பான்சர் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார்.

"தண்ணில எறங்கினான்னா அஞ்சு மணி நேரம் ஏற மாட்டான்ணே. அப்படியே கெடப்பான்."

"நூறு மீட்டர் எத்தனை நிமிஷத்துல போறான்ப்பா?"

"அதெல்லாம் பாக்கலண்ணே. கடல்ல நூறு மீட்டரா முக்கியம்? தேனிப் பையன் பத்து வயசுல முடிச்சான். இவன் ஒம்பதுல முடிச்சுட்டா பேப்பர்ல வந்துரும்ல."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பத்திரிகை அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அவர் என்னிடம் ஒப்பித்தார். இரண்டு எண்கள்: மொத்த நேரம், வயது. முதல் எண் கடலின் கையில் இருக்கிறது. இரண்டாவது எண் பையனின் கையில் இல்லை, அப்பாவின் அவசரத்தில் இருக்கிறது.

பயிற்சியாளர்கள் சாதாரணமாகச் செய்கிற ஒரு சோதனை உண்டு. ஒரு நாள் 400 மீட்டரையும் 200 மீட்டரையும் முழு முயற்சியோடு நீந்தச் சொல்வார்கள். 400-க்கு 6 நிமிடம் 40 வினாடி, 200-க்கு 3 நிமிடம் 10 வினாடி என்று வைத்துக்கொள்வோம். நேர வித்தியாசம் 210 வினாடி, தூர வித்தியாசம் 200 மீட்டர். ஆக நூறு மீட்டருக்கு ஒரு நிமிடம் 45 வினாடி. இந்த வேகத்துக்கு மேல் போனால் களைப்பு மளமளவென்று ஏறும், கீழே போனால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம். பத்து மணி நேர நீச்சலுக்கு இதைவிட நன்றாகக் குறைத்துத்தான் போக வேண்டும். எல்லை எது என்று தெரிந்தால்தானே எவ்வளவு குறைப்பது என்று தெரியும்? இந்த எல்லையை ஒட்டி நூறு மீட்டரைப் பத்துத் தடவை, நடுவில் பதினைந்து வினாடி ஓய்வோடு, பத்தும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று நீந்தினால் ஒரு மணி நேரத்துக்குள் பயிற்சி முடிந்துவிடும். ஐந்து மணி நேரம் கிடக்கிற பையனுக்குத் தெரியாத விஷயம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிய வரும். முதல் நூறும் பத்தாவது நூறும் ஒரே வினாடியில் வந்தால் அவனுக்கு நிதானம் வந்துவிட்டது. குளமே இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று கரையில் நின்று எண்ணலாம். எண்ணிக்கை கூடிக்கொண்டே போய்த் தூரம் கூடவில்லை என்றால் பிள்ளை களைத்துவிட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் சாம்பியன் ஆவதற்கான ரகசியம் இல்லை. பாதுகாப்புக்கான அளவுகோல். படகில் இருக்கிறவர்களுக்குப் பையனின் வழக்கமான கைவீச்சு நிமிடத்துக்கு 60 என்று தெரிந்திருந்தால்தான் அது 48-க்கு இறங்கும்போது பதறுவார்கள். தெரியாவிட்டால் "நல்லாத்தான் நீந்துறான்" என்று தோன்றும்.

நம் கடலில் ஆபத்து குளிர் கிடையாது, சூடு. ஆங்கிலக் கால்வாய்க்குப் போகிறவர்கள் 16 டிகிரியோ அதற்குக் குறைவோ உள்ள நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். பாக் நீரிணையில் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்காவின் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். 26 வயது, தேசிய அணி வீரர். தண்ணீர் அவ்வளவு சூடு. அதற்குப் பிறகு 31 டிகிரிக்கு மேல் போட்டி நடத்தக் கூடாது என்பது சர்வதேச விதியானது. சூட்டில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவே ரத்தத்தைச் செலவழிக்கும், அதனால் வேகத்தைக் கட்டாயம் குறைக்க வேண்டும். குறைக்கத் தெரியாதவர்கள், அதிலும் சாதனை நேரத்தைத் துரத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் செய்திகளில் தண்ணீரின் வெப்பநிலையை நான் இதுவரை கண்டதில்லை.

வயது என்ற எண்

1988 செப்டம்பரில் இங்கிலாந்தின் தாமஸ் கிரெகரி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். வயது பதினொன்று, 11 மணி 54 நிமிடம். அந்தச் சாதனையை இனி யாரும் முறியடிக்க முடியாது, ஏனென்றால் அதற்குப் பிறகு கால்வாய் நீச்சல் அமைப்புகள் குறைந்தபட்ச வயதை 16 ஆக்கிவிட்டன. உலக நீர் விளையாட்டு அமைப்பின் திறந்தநீர்ப் போட்டிகளில் 14 வயதுக்குக் கீழே சேர்க்க மாட்டார்கள். உலகம் இப்படிக் கதவைச் சாத்திய பிறகு நாம் பத்து, ஒன்பது என்று கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

குற்றாலீஸ்வரனையே எடுத்துக்கொள்வோம். 1994-ல் ஒரே வருஷத்தில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து மிஹிர் சென்னின் ஐந்தைத் தாண்டினார். அர்ஜுனா விருதும் வந்தது. பள்ளிப் பாடத்தில் படிக்கிற அளவுக்குப் பேர். ஆனால் பதின்ம வயது முடிவதற்குள் போட்டி நீச்சலை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்கப் போய்விட்டார். பணம் கிடைக்கவில்லை என்பதுதான் அவரே பிற்பாடு சொன்ன காரணம். பத்துக் கிலோமீட்டர் நீச்சல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2008-ல். அப்போது அவருக்கு வயது 26. நெடுந்தூர நீச்சல்காரர்கள் உச்சத்தில் இருக்கிற வயது அது. வான் டெர் வெய்டனுக்கு அப்போது 27. பன்னிரண்டு வயதில் ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒருவரை இருபத்தாறு வயதுவரை நீந்தவைக்க நம்மால் முடியவில்லை. நம் செய்தியின் அச்சில் "இளம் வயதில்" என்ற இடம் இருக்கிறது, "இப்போது என்ன செய்கிறார்" என்ற இடம் கிடையாது. கிணற்றில் மண்ணெடுத்து வந்தவனை அன்றோடு மறந்துவிடுவோமே, அதே கதைதான்.

நிருபர்களுக்குச் சில கேள்விகள்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அடுத்த மார்ச்சிலும் தனுஷ்கோடியில் யாராவது கரையேறுவார்கள். செய்தி எழுதப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டால் போதும்.

ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை கிலோமீட்டர் போனார்? படகில் ஜி.பி.எஸ். இருக்கும், கேட்டால் கிடைக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு? வெளிநாட்டுக் கால்வாய் நீச்சல்களில் பார்வையாளர் ஒருவர் படகில் உட்கார்ந்து குறிப்பேட்டில் இதையெல்லாம் எழுதிக்கொண்டே வருவார். இங்கே யார் எழுதினார்கள்? தண்ணீர் எத்தனை டிகிரி? காற்றும் நீரோட்டமும் எந்தத் திசை? எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை என்ன கொடுத்தார்கள்? குளத்தில் இவருடைய 400 மீட்டர் நேரம் என்ன? படகிலிருந்து "போதும், ஏறு" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அப்பாவிடமா, டாக்டரிடமா?

கடைசிக் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம். அதற்குப் பதில் சொல்ல முடியாத முயற்சி எதையும் சாதனைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி.

ஸ்பான்சர் கடிதம் கேட்டு வந்தவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடலுக்கு என்று எழுதவில்லை. பதினாலு வயதுவரை குளத்தில் 200, 400, 800 மீட்டர் போட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்க உதவி வேண்டும் என்று எழுதினேன். அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "இதுக்கெல்லாம் பேப்பர்ல போடுவாங்களாண்ணே?" என்றார். போட மாட்டார்கள். ஆனால் மறு வாரம் அவரே போன் செய்தார். பையன் 400 மீட்டரை ஒன்பது நிமிடம் இருபது வினாடியில் முடித்தானாம். முதல் நூறு ஒன்று ஐம்பது, கடைசி நூறு மூன்று நிமிடத்தை ஒட்டி. "கடைசில இவ்வளவு மெதுவாயிட்டானேண்ணே, அதை எப்படிச் சரி பண்றது?" என்று கேட்டார்.